பலகையைத் தட்டியவள்

ஜூன் 4

அக்காவுக்கு,

போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுநாள் அடித்தால் மணியே போகவில்லை. என் நம்பரை நீ ப்ளாக் செய்துவிட்டதாக மாமாதான் சொன்னார். அவர் போனிலாவது உன்னிடம் பேசலாம் என்றால், "தம்பி, நான் இந்த வீட்டுலதான் இருந்தாகணும்" என்று சொல்லி வைத்துவிட்டார். அதனால் காகிதத்தை எடுத்திருக்கிறேன். காகிதத்தை ப்ளாக் செய்ய இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை.

அன்றைக்கு உன் நாத்தனாரை வைத்துக்கொண்டு, "எட்டு வயசாகப் போகுது, காது கேட்காத பிள்ளையை ஒரு பாஷை இல்லாம வளர்த்து வச்சிருக்கியே" என்று நான் கேட்டது தப்பு. இடம் தப்பு, நேரம் தப்பு, குரலும் தப்பு. விஷயமும் தப்பு என்று எழுதத்தான் பார்க்கிறேன், கை வரமாட்டேன் என்கிறது. கையை ஆட்ட விட்டால் பேச்சு வராது என்று அந்தப் பேச்சுப் பயிற்சி டீச்சர் சொன்னதை நீ வேதவாக்காக எடுத்துக்கொண்டாய். வாண்டுவும் உன் உதட்டைப் பார்த்தபடியே வருஷக் கணக்கில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு வந்ததெல்லாம் "அம்மா"வும், "பா"வும், உனக்கு மட்டும் புரிகிற இன்னும் ஏதோ ஒன்றும்தான்.

திட்டி முடித்துவிட்டுப் பார்சலைப் பிரி. உள்ளே இருப்பது என் பழைய போன், ஓரத்தில் கீறல் இருக்கும். எங்கள் ஆபீஸில் நாங்கள் செய்த ஆப் ஒன்றை அதில் போட்டிருக்கிறேன். காது கேளாத பிள்ளைகள் படிக்கக் கற்றுக்கொள்வதற்கான கதைகள். மேலே படம், கீழே இரண்டு வரி எழுத்து. வரியைத் தட்டினால் ஓரத்தில் ஓர் அம்மா வந்து அதைச் சைகையில் சொல்வார். ஒரு சொல்லை மட்டும் தட்டினால் அதை மட்டும் சொல்வார். நெட் வேண்டாம். அந்த அம்மாவுக்கும் காது கேட்காது. பிழைப்புக்குத் தையல் கடை வைத்திருக்கிறார். நாங்கள் தையலக்கா என்போம்.

பள்ளி வருஷக் கடைசிக்குள் ஒரு பக்கமாவது படித்துக் காட்டாவிட்டால் வாண்டுவை வைத்துக்கொள்ள முடியாது, இங்கே எங்கள் ஊரில் இருக்கிற காது கேளாதோர் விடுதிப் பள்ளிக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று உங்கள் ஸ்கூலில் சொல்லிவிட்டதாக மாமா சொன்னார். அதற்காகவாவது இதைப் பார். எனக்காக வேண்டாம்.

உன் தம்பி


ஜூன் 17

தம்பிக்கு,

உன்னிடம் போனில் பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் இதை வைத்துக்கொண்டு நான் இறங்கி வந்துவிட்டதாக மாமாவிடம் பீற்றிக்கொள்ளாதே.

நீ ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வருவாய், பையைக் கீழே வைப்பதற்கு முன் புத்தி சொல்வாய், மறுநாள் வண்டி ஏறுவாய். ஒரு பக்கம் பேச்சு டீச்சர், ஒரு பக்கம் மாமியார் வீடு, நடுவில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை என்று நான் பட்டது உனக்கு என்ன தெரியும்? இன்னும் கொஞ்சம் பொறுத்தால் பேசிவிடுவாள் என்று ஒருவர் சொன்னால், எந்தத் தாய் வேண்டாம் என்பாள்?

போனைத் திருப்பி அனுப்பத்தான் இருந்தேன். அவள் கையிலிருந்து பிடுங்க முடியவில்லை. எழுத்துப் பக்கம் கண்ணே போவதில்லை. உன் தையலக்காவை வரவழைக்கிறாள், அவர் கையைப் பார்க்கிறாள், தானும் அப்படியே ஆட்டுகிறாள். சினிமா பார்க்கிற மாதிரி இருக்கிறது. இதில் படிப்பு எங்கே வருகிறது?

விடுதி என்ற பேச்சை மட்டும் எடுக்காதே. ராத்திரி வயிறு வலித்தால் அவள் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத்தான் தெரியும். அங்கே யாருக்குத் தெரியும்? என் உயிர் இருக்கிறவரை அவள் என் வீட்டில்தான்.

அக்கா


ஜூன் 25

அக்கா,

சினிமா பார்க்கட்டும். தடுக்காதே. நீயும் நானும் பேசக் கற்றுக்கொண்ட பிறகுதானே படித்தோம்? அவள் இப்போதுதான் முதல் பாதியில் இருக்கிறாள்.

ஒன்றே ஒன்று கவனித்துச் சொல். அவள் முழு வரியைத் தட்டுகிறாளா, தனிச் சொல்லைத் தட்டுகிறாளா?

தம்பி


ஜூலை 21

தம்பிக்கு,

வரியா சொல்லா என்றெல்லாம் பார்க்க எனக்கு நேரமில்லை. இங்கே வேறு கதை நடந்திருக்கிறது, அதற்குப் பதில் சொல்.

உன் போனைப் பிடித்துப் பிடித்து வாண்டுவின் வலது கை ஆள்காட்டி விரல் மடங்காமல் போய்விட்டது. சைகை செய்யும்போதெல்லாம் மற்ற விரல்கள் மடங்குகின்றன, அது மட்டும் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது. காது போனது போதாதென்று கையுமா? கடைக்கு லீவு சொல்லிவிட்டு எலும்பு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். எக்ஸ்ரே எடுத்தார், அமுக்கிப் பார்த்தார், பேனாவைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். விரல் அழகாக மடங்குகிறது. சாப்பிடும்போது மடங்குகிறது. சட்டைப் பொத்தான் போடும்போது மடங்குகிறது. கையால் பேச ஆரம்பித்தால் நீட்டிக்கொள்கிறது.

"எலும்பு நல்லாத்தான்மா இருக்கு. உங்க பொண்ணு ஏதோ முடிவு பண்ணித்தான் நீட்டுறா" என்று டாக்டர் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் மாமா வேறு இதில் சேர்ந்துகொண்டார். அவருக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. மோட்டார் சத்தத்தில் மேலே ஒருவர் கீழே ஒருவர் நின்று காலமெல்லாம் கை ஜாடையிலேயே பேசிப் பழகியவர். நான் கடையில் இருக்கிற நேரத்தில் அப்பாவும் மகளும் போனை நடுவில் வைத்துக்கொண்டு என்னவோ பேசிச் சிரிக்கிறார்கள். நேற்று நான் உள்ளே வந்ததும் இரண்டு பேரும் கையைக் கீழே போட்டுவிட்டார்கள். என் வீட்டில் எனக்குத் தெரியாத ரகசியம். அதுவும் அவரும் விரலை நீட்டிக்கொண்டு.

அக்கா


ஜூலை 31

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன். பிறகு எதற்கு எழுந்தேன் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தேன்.

விரலில் ஒன்றுமில்லை. நாங்கள் படம் பிடித்த வாரத்தில் தையலக்காவின் ஆள்காட்டி விரலில் மிஷின் ஊசி ஏறிவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். அதை மடக்க முடியாததால் எல்லாக் கதையையும் அந்த விரலை நீட்டியபடியே சொன்னார். தோல் நிறத்துக் கட்டு என்பதால் சின்னத் திரையில் தெரியவும் இல்லை. நாங்கள் அத்தனை பேரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, வீடியோ நிற்காமல் ஓடுகிறதா, எழுத்து கட்டத்துக்குள் அடங்குகிறதா என்றுதான் பார்த்தோம். கையைப் பார்க்கவில்லை. பார்த்தாலும் எங்களுக்குத் தெரிந்திருக்காது. காது கேளாத பிள்ளைகளுக்கு ஆப் செய்கிற ஆபீஸில் ஒருவருக்கும் சைகை தெரியாது என்பதை வெளியே சொல்லிவிடாதே.

உன் கடிதம் வந்த பிறகு மற்ற ஊர்களிலிருந்து பள்ளிக்கூடங்கள் அனுப்பிய வீடியோக்களை எடுத்துப் பார்த்தேன். ஒருவரை ஒருவர் பார்த்தே இராத பிள்ளைகள். எல்லாரும் அந்த விரலை நீட்டிக்கொண்டு பேசுகிறார்கள். அது பிழை என்று நினைக்க முடியவில்லை. ஒரு மனுஷியின் பேச்சு வாடை அத்தனை பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தையல் கடைக்குப் போய் அந்த வீடியோக்களைக் காட்டினேன். அவர் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். பிறகு துணியில் குறி போடுகிற சாக்பீஸால் மேஜைமேல் எழுதினார்: "எங்க வீட்டுல யாருக்கும் சைகை தெரியாது. என்னை மாதிரி பேச இந்த உலகத்துல யாரும் இல்லைன்னு நினைச்சிருந்தேன்." மறுபடி படம் பிடித்துவிடலாம் என்று எங்கள் முதலாளி சொல்லியிருந்தார். அதை அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை, அதாவது எழுத வரவில்லை. விட்டுவிட்டோம்.

எக்ஸ்ரே எடுத்ததை அவரிடம் சொன்னேன். அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை.

தம்பி


செப்டம்பர் 12

தம்பி,

இதை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. சண்டை போடவும் தோன்றவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

நானும் கொஞ்சம் சைகை கற்றுக்கொண்டேன். அப்பாவும் மகளும் என்னை விட்டுவிட்டுப் பேசிச் சிரித்தால் நான் வாயைப் பார்த்துக்கொண்டா இருப்பேன்? பேச்சு டீச்சரிடம் சொல்லவில்லை. வீட்டுக்குள் மட்டும்தான், ஜன்னல் திரையை இழுத்துவிட்டு.

நேற்று ஸ்கூல் விட்டதும் அவளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு நடந்தேன். வழியில் பூட்டுக்காரர் கடை. நடைபாதையில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்திருப்பார், "சாவி செய்து தரப்படும்" என்று. தினமும் அந்தப் பக்கம்தான் போகிறோம். நேற்று வாண்டு நின்றுவிட்டாள். இழுத்தேன், வரவில்லை. குனிந்து அந்தப் பலகையைப் பார்த்தாள். பிறகு "சாவி" என்ற சொல்லை விரலால் தட்டினாள்.

தட்டிவிட்டுக் காத்திருந்தாள். மறுபடி தட்டினாள். கொஞ்சம் அழுத்தித் தட்டினாள். பலகைக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. தையலக்கா வருவார் என்று நிற்கிறாள்.

"என்னம்மா தேடுது பாப்பா?" என்று பூட்டுக்காரர் கேட்கிறார். அவருக்கு நான் என்ன சொல்ல? பின்னால் ஆட்கள் வழி கேட்டு நிற்கிறார்கள். நான் அவள் தோளைத் தொட்டுத் திருப்பினேன். நடுத்தெருவில், அத்தனை பேர் பார்க்க, சாவிக்கு உள்ள சைகையைச் செய்தேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். உள்ளே கொத்தாகத் தொங்கிய சாவிகளைப் பார்த்தாள். அந்த முகத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை, தம்பி. பெற்றபோது அவள் முகத்தை முதன்முதலில் பார்த்தது நினைவிருக்கிறது. இது அதைவிடப் பெரிது. வாய் திறந்து அப்படியே நின்றாள். பிறகு என் கையை உதறிவிட்டு அடுத்த கடைக்கு ஓடினாள். அங்கே ஒரு பலகை. அதைத் தட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதற்கடுத்த கடை. பஸ்ஸின் பக்கவாட்டு. சுவரில் ஒட்டிய நோட்டீஸ். ஒவ்வொன்றையும் தட்டிவிட்டுத் திரும்புகிறாள், நான் கையால் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த சைகை அந்தத் தெரு முடிவதற்குள் தீர்ந்துபோனது.

இத்தனை நாளும் அதையெல்லாம் அவள் என்னவென்று நினைத்திருந்தாள் தெரியுமா? சட்டையில் கோடு போட்டிருப்பது மாதிரி, பலகையில் போட்ட அழகு என்று. போனுக்குள் இருப்பது மட்டும்தான் பேசும் என்று. ஊர் முழுக்க நாம் எழுதி வைத்து ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டிருக்கிறோம், தனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை என்று அவளுக்கு நேற்றுத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து மாவு டப்பா, மருந்து பாட்டில், உன் மாமாவின் கம்பெனிச் சட்டைப் பை என்று எதையும் விடவில்லை. உன் கடிதத்தையும் எடுத்துத் தட்டினாள். "ஆப்" என்றும் "அக்கா" என்றும் இரண்டு இடத்தில் சரியாக நின்றாள்.

ஒரே ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். எங்கள் கண்ணாடிக் கடைச் சுவரில் பார்வை சோதிக்கிற எழுத்துப் பலகை இருக்கிறதே, மேலே பெரிதாக, கீழே போகப் போகச் சின்னதாக. அதன் முன்னால் நின்று தட்டுகிறாள். என்னைப் பார்க்கிறாள். அதில் ஒரு அர்த்தமும் இல்லை என்றேன். நம்பவில்லை. எழுதியிருக்கிறதே, எப்படி அர்த்தம் இல்லாமல் போகும் என்று என்னையே சந்தேகமாகப் பார்த்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கடைசி வரிவரை தேடினாள். பார்வை சோதிக்க வந்தவர் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார்.

இந்தக் கடிதத்துக்கு நீ பெரிதாக ஒன்றும் பதில் எழுத வேண்டாம்.

அக்கா


செப்டம்பர் 20

அக்கா,

பெரிதாக எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. உன் கடிதத்தை ஆபீஸில் சத்தமாகப் படித்தேன். பலகைக்குப் பின்னால் அவள் எட்டிப் பார்த்த இடம் வந்ததும் காகிதத்தைப் பக்கத்தில் நீட்டிவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர் வாங்கி மீதியைப் படித்தார்.

அந்த ஆப்பைத் திறந்தால் ஓடும் ஒவ்வொரு புரோகிராம் வரியும் நான் எழுதியது. எங்கே தட்டினால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைத் தட்டியவள் வெளியே வந்து உலகத்தையே தட்டிப் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியாது. நான் எழுதியதில் அது எங்கேயும் இல்லை. அது அவளுடையது.

கூடவே புதிய கதைகளை அனுப்பியிருக்கிறேன். இவற்றில் கட்டு இல்லை, தையலக்காவுக்கு விரல் நன்றாக மடங்குகிறது. மாமாவிடம் சொல், அவரும் மடக்கிக்கொள்ளலாம்.

ஸ்கூலில் எப்போது படிக்க வைத்துப் பார்க்கப் போகிறார்கள்? எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை.

தம்பி


மார்ச் 8

தம்பிக்கு,

நேற்றுத்தான் வரச் சொல்லியிருந்தார்கள். நல்லபடியாக முடிந்தது. அதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாய்.

தலைமை ஆசிரியை தன் அறையில் ஒரு புத்தகத்தை எடுத்து, நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தார். அவள் பார்த்திராத கதை. குடை ரிப்பேர் செய்கிற ஒருவர் மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போகிறார். "படிக்கச் சொல்லுங்க" என்றார். வாண்டு கையால் படிக்க ஆரம்பித்தாள். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தார். அதனால் அவள் கையால் சொல்லச் சொல்ல நான் வாயால் சொன்னேன். புத்தகம் அவள் பக்கமும் டீச்சர் பக்கமும்தான் திறந்திருந்தது, எழுத்து என் கண்ணில் படவில்லை. அவள் கை மட்டும்தான் நான் படித்த பக்கம்.

நடுவில் ஒரு சைகை செய்தாள், எனக்குப் பிடிபடவில்லை. மறுபடி செய்தாள். நான் தலையை ஆட்டினேன். எனக்குப் பயம், என் தெரியாமையால் பிள்ளை தோற்றுவிடுவாளோ என்று. அவள் பதறவில்லை. கொஞ்சம் யோசித்தாள். பிறகு சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி எனக்கு உடைத்துச் சொன்னாள். குடை அவருடையது இல்லை, பக்கத்து வீட்டுக்காரருடையது, பிடித்துக்கொண்டு போகலாம், அப்புறம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நான் "இரவல்" என்றேன். டீச்சர் புத்தகத்தைப் பார்த்தார். அங்கே "இரவல்" என்றுதான் இருந்தது.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டார். வாண்டு அதைத் திறந்து மீதியைப் படித்தாள், கடைசி வரியில் தானாகச் சிரித்தாள். குடை ரிப்பேர்காரர் இரவல் குடை கேட்கிறாரே என்று சிரிக்கிறாள், தம்பி. கதையில் இருக்கிற வேடிக்கை அவளுக்குத் தெரிகிறது. யாரும் சிரித்துக் காட்டாமல் அவளே ஒரு காகிதத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

"இவ இங்கேயே படிக்கட்டும். இனிமே யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார் டீச்சர். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. விடுதி என்ற பேச்சே இனி இல்லை. உன் மாமாவுக்குப் போன் செய்தேன், அவர் ஏதோ லிஃப்டின் உச்சியில் நின்றுகொண்டு அழுதார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவளிடம் விளக்கமாகச் சொன்னேன். இந்த ஸ்கூலிலேயே இருக்கலாம், அம்மாவோடேயே இருக்கலாம் என்று. சந்தோஷப்படுவாள் என்று பார்க்கிறேன், யோசித்துக்கொண்டே நடக்கிறாள். பிறகு என்னை நிறுத்திக் கேட்டாள். அவள் கையால் கேட்டதை நான் நம் பேச்சில் எழுதுகிறேன்.

"டீச்சருக்கு என் கை புரியலை. நீ சொன்ன பிறகுதான் புரிஞ்சுது."

ஆமாம் என்றேன்.

"நாளைக்கு நீ கடைக்குப் போயிடுவே. நான் யார்கூடப் பேசுறது?"

எழுதிக் காட்டலாமே, இப்போதுதான் எழுத்து தெரியுமே என்றேன்.

"விளையாடும்போதுமா?"

நான் தெருவில் நின்றுவிட்டேன். நான் இந்த ஒன்பது மாதமாக அவள் படித்தால் போதும் என்றிருந்தேன். அவளை என் பக்கத்தில் வைத்துக்கொள்ளத்தான் அத்தனை பாடும். அவள் வகுப்புப் பிள்ளைகள் இடைவேளையில் ஓடுவதும் கத்துவதும் எனக்குத் தெரியும். அதில் அவள் ஓரமாக நிற்பாள் என்பதும் தெரியும். தனக்கு அது தெரியும் என்று அவள் சொல்வாள் என்றுதான் எதிர்பார்க்கவில்லை.

மேலே கேட்டாள். கையால் பேசுகிற பிள்ளைகள் எங்கேயாவது இருக்கிறார்களா என்று. பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல என் கை எழவில்லை. இருக்கிறார்கள், நீ இருக்கிற ஊரில், ஒரு பெரிய ஸ்கூலில், ஆனால் அங்கேயே தங்க வேண்டும், அம்மா ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும் என்றேன். அவள் முகம் ஒரு நிமிஷம் கலங்கியது. என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டே இன்னொரு கையால் சொன்னாள், போகலாம் என்று.

அதனால் நாளைக்கே அங்கே போய் இடம் இருக்கிறதா என்று கேள். பிள்ளைகள் எந்த அறையில் தூங்குகிறார்கள், வயிறு வலித்தால் யாரை எழுப்ப வேண்டும், அவருக்குக் கை புரியுமா, எல்லாம் பார்த்து எழுது. நீ தாய்மாமன். வாரம் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டியவன். அதற்குள் அந்தத் தையல் கடையில் போய் உட்கார்ந்து ஒழுங்காகச் சைகை கற்றுக்கொள். பேச்சு இல்லாத மாமாவாக அவள் முன்னால் போய் நிற்காதே.

உன் மாமா கேட்கிறார், எப்படி மனசு வந்தது உனக்கு என்று. எனக்கு வரவில்லை. ஆனால் இத்தனை வருஷமும் அவளுக்குப் பசிக்கிறதா, வலிக்கிறதா, தூக்கமா என்று நானே ஊகித்து ஊகித்துத்தான் கொடுத்தேன். நான் சாகிறவரை ஊகித்தாலும் இதை ஊகித்திருக்க மாட்டேன். முதல் தடவையாக அவள் வாய் திறந்து என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறாள். இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

அக்கா